முதலில் சக்கரம்

மழை விட்ட மறுநாள்தான் எங்கள் கடையில் வேலை குவியும். ஜனவரி, பிப்ரவரியில் கெடா மாநிலம் காய்ந்து கிடக்கும். தோட்டத்துச் செம்மண் ரோடு இறுகிப்போய்ச் சைக்கிள் பறக்கும். செப்டம்பருக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால் அதே ரோடு சக்கரத்தை விடாது. எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு காலையும் சைக்கிள்காரர்கள் பீடோங், பாடாங் செராய், கோலா கெட்டில் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் சுற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து போகிற வழியில், சுங்கை பட்டாணியில் என் கடை வாசலில் காடியை நிறுத்திச் சைக்கிளை இறக்குவார்கள். "அண்ணே, பின்னால என்னமோ கரகரங்குது. கியர் செட்டையே மாத்திடலாமா?"

நான் பதில் சொல்லாமல் பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். கோளாறு அநேகமாக அங்கேதான் இருக்கும். ஹப்புக்குள் செம்மண் தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லையென்றால் இரண்டு மூன்று கம்பி தளர்ந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். கியர் செட்டுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி எடுத்து வைத்திருப்பவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஐந்து வெள்ளிக் கம்பியில் முடிகிற நோய் என்றால் யாருக்கும் மனசு ஒப்புவதில்லை.

இப்படி வருகிற வண்டிகளில் பாதி சைக்ளோகிராஸ் வகை. பார்வைக்கு ரேஸ் சைக்கிள்தான், ஹேண்டிலும் அதே வளைவு. ஆனால் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே சேறு வழிய இடம் விட்டிருப்பார்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குளிர்காலத்தில் வயலிலும் காட்டிலும் ஓட்டி, ஓட்ட முடியாத மேட்டில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற விளையாட்டுக்காகப் பிறந்த வண்டி. 1902-இல் பிரான்சில் முதல் தேசியப் போட்டி நடந்தது. உலகப் போட்டி 1950-இல் பாரிஸில் தொடங்கியது. பந்தயம் சுமார் ஒரு மணி நேரம். வண்டியில் சேறு அப்பினால் ஓட்டக்காரர் கழுவித் துடைத்த வேறொரு வண்டிக்கு மாறிக்கொள்வார். அழுக்கு வண்டியைக் கழுவ அங்கே ஆள் நிற்பார். டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பந்தய விதி.

பீடோங் தோட்டத்தில் வண்டி கழுவ யாரும் நிற்கப்போவதில்லை. ஒரு மணி நேரத்தில் யாரும் வீடு திரும்புவதும் இல்லை. நாலு மணி நேர வெயில், நடுவில் ஒரு மழை, லோரி ஏறி ஏறிப் பள்ளமான தடம். பெல்ஜியத்து ஒரு மணி நேரத்துக்காகப் பூட்டிய சக்கரத்தை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டு, வண்டி சரியில்லை என்கிறோம்.

நான் தொழில் படித்தது இந்த மாதிரி வண்டிகளில் இல்லை. அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளி முடிந்ததும் என்னைச் சுங்கை பட்டாணி டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின் சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டார். அப்போது கடைக்கு வந்ததெல்லாம் 28 அங்குல ராலே சைக்கிள்தான். கம்பி பிரேக், இரும்பு ரிம், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பின்னால் எட்டுக் கம்பி கூடுதலாக எதற்கு என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரம் வெட்டி முடித்து மங்குகளில் தேங்கிய பாலைச் சேர்த்து, டின்னில் ஊற்றி, பின்னால் கேரியரில் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு பால். அந்தப் பாரம் முழுக்கப் பின்சக்கரத்தின் மேல். மேட்டில் இறங்கித் தள்ளுவார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, காலைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்துவார்கள். அப்படி வருஷக்கணக்கில் தாங்கிய சக்கரங்கள் அவை.

தவுக்கேக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பசார் மலாய்தான் எங்கள் பாஷை. அதிலும் அவர் அதிகம் சொன்னது "பெலான் பெலான்" (மெதுவா, மெதுவா) என்ற இரண்டு சொல்தான். ஸ்பேனர் பிடித்த கை அவசரப்பட்டால் கம்பி முனையில் திருகும் நிப்பிளின் மூலை மழுங்கிவிடும், அப்புறம் அந்தக் கம்பியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டிக்கொண்டே சுற்றச் சொல்வார். டிங், டிங், டிங் என்று வந்துகொண்டிருப்பது ஓரிடத்தில் டொக்கென்று விழும். அந்தக் கம்பிதான் வேலை செய்யாமல் நிற்கிறது.

கம்பி ஏன் அறுகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். இறுக்கிக் கட்டினால் அறும் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. தளர்ந்த கம்பி சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் கீழே வரும் நேரத்தில் தொய்ந்து, மேலே போகும்போது திரும்ப இழுபடும். ஹப்பில் மாட்டும் வளைவில் இப்படி லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தால் இரும்பு களைத்துவிடும். உடைந்த கம்பிகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வளைவில்தான் உடைந்திருக்கும். சங்கிலி ஓடும் பக்கத்துக் கம்பிகள் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால், அறுவது பல நேரம் தளர்ந்த பக்கம்தான்.

கெடாவின் ரோட்டில் சக்கரத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து இறங்கியபோது ஜித்ராவில் பிரிட்டிஷ் படையின் அரண் இரண்டு நாளில் உடைந்தது. பிறகு குரூண், சுங்கை பட்டாணி வழியாகத் தெற்கே போனார்கள். காலாட்படையில் பெரும்பகுதி சைக்கிளில் வந்தது. போருக்கு முன்பே மலாயா முழுக்க ஜப்பான் சைக்கிள் விற்பனையாகியிருந்ததால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. வெயிலில் டயர் வெடித்தால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே மிதித்தார்களாம். இரவில் நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் தார் ரோட்டில் உருளும் சத்தத்தைக் கேட்டு, எதிரில் நின்றவர்கள் டாங்கி வருகிறது என்று பின்வாங்கினார்கள் என்று ஜப்பானியப் படையில் இருந்த அதிகாரி ட்சுஜி மசனோபு எழுதியிருக்கிறார். அவர்களோடு சைக்கிள் பழுதுபார்க்கும் ஆட்களும் வந்தார்கள். போர் வரலாறு படிக்கிறவர்கள் இந்த ஆட்களைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. நான் கேட்பேன். டயர் இல்லாமல் ஓடிய ரிம்மை எப்படி மறுபடி நிமிர்த்தினார்கள்?

இன்றைய வண்டிக்கு வருகிறேன். கோலா கெட்டில் பக்கம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் பழைய சைக்ளோகிராஸ் ஒன்றைக் இரண்டாம் கையாக வாங்கி வந்தார். அலுமினியம் ஃபிரேம், டிஸ்க் பிரேக், கம்பெனி பூட்டிய சக்கரம். கியர் செட்டை உயர்ந்த ரகத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். சக்கரம் இரண்டையும் கழற்றித் தராசில் வைத்தேன். டயர் இல்லாமலே இரண்டு கிலோவுக்கு மேல். முன் சக்கரத்தில் தட்டினால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு சுருதி. "சார், கியர் மாத்தினா விரலுக்குச் சுகம். சக்கரம் மாத்தினா காலுக்குச் சுகம். எது வேணும்?" என்றேன். யோசித்துவிட்டு மறுவாரம் பணத்தோடு வந்தார்.

புதுச் சக்கரம் வாங்குவதற்கு முன்னால் ஃபிரேமை அளக்க வேண்டும். ரிம் பிரேக் காலத்து வண்டி என்றால் பின்னச்சு இடைவெளி 130 மில்லிமீட்டர். ஆரம்பகால டிஸ்க் வண்டியில் 135. இப்போதைய த்ரூ-ஆக்ஸில் (ஹப்பின் நடுவே செருகும் அச்சு) என்றால் பின்னால் 12-க்கு 142, முன்னால் 12-க்கு 100. இதைப் பார்க்காமல் இணையக் கடையில் சக்கரம் வாங்கி, பொட்டியோடு என்னிடம் வந்து நிற்பவர்கள் உண்டு. சில ஹப்புகளில் மூடியை மாற்றினால் பொருந்திவிடும், சிலவற்றில் முடியாது. அதேபோல 11 பல்சக்கரம் பொருந்தும் ஷிமானோ ஹப்பில் 10 பல்சக்கரச் செட்டைப் போட 1.85 மில்லிமீட்டர் வளையம் வேண்டும், தலைகீழாகப் பெரும்பாலும் போட முடியாது. பழைய தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் ராலே சக்கரத்தையே இதில் மாட்டலாமா என்று கேட்பார்கள். ராலேயின் 28 அங்குல ரிம் 635 மில்லிமீட்டர், இது 622. டயர் ஏறாது.

வாத்தியாருக்கு நான் தேர்ந்தது 32 துளை அலுமினியம் ரிம், உள்ளகலம் 21 மில்லிமீட்டர், நடுவில் மெலிந்த கம்பி, பித்தளை நிப்பிள். அலுமினிய நிப்பிள் சில கிராம் மிச்சம் பண்ணும். நம் ஈரத்தில் ரிம்மோடு ஒட்டிக்கொண்டு பிறகு திரும்பாது. ஹப் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கோன் வைத்த ஷிமானோ ஹப்தான் என் முதல் தேர்வு. இரண்டு மெல்லிய ஸ்பேனர் இருந்தால் வீட்டிலேயே திறந்து, குண்டுகளைக் கழுவி, கிரீஸ் வைத்து மூடலாம். சீல் வைத்த பேரிங் நல்லதுதான். ஆனால் செம்மண் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் சத்தம் போடும், அப்போது தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் உண்டு. ஷிமானோவுக்கு ஜொகூர் பொந்தியானிலேயே ஆலை இருப்பதால் உதிரிபாகத்துக்குக் கவலையில்லை என்பது என் வாதம்.

சக்கரம் கட்டுவது இப்படித்தான். ஹப்பை மடியில் வைத்து, ஒரு பக்கத் தகட்டில் ஒன்று விட்டு ஒரு துளையில் எட்டுக் கம்பி. அவை ரிம்மில் நாலாவது நாலாவது துளையில் போய் உட்காரும். முதல் கம்பி வால்வுத் துளைக்குப் பக்கத்தில் விழ வேண்டும். அதைத் தவறவிட்டால் பம்ப் வைக்க இடமிருக்காது. மறுபக்கமும் அதேபோல் எட்டு. பிறகு ஹப்பைப் பிடித்து ஒரு திருகு. அதுவரை தொங்கிக்கொண்டிருந்த கம்பியெல்லாம் சாய்ந்து தொடுகோட்டில் நிற்கும். அடுத்த எட்டு எதிர்த் திசையில், மூன்று கம்பியைக் கடந்து போகும். முதல் இரண்டுக்கு மேலே, மூன்றாவதற்குக் கீழே. டிஸ்க் பிரேக் வண்டியில் இப்படிக் குறுக்கே பின்னித்தான் ஆக வேண்டும். பிரேக் ஹப்பில் பிடிக்கிறது, நிற்க வேண்டியது ரிம்மில் இருக்கிற டயர். அந்தத் திருகல் முழுக்கக் கம்பி வழியாகத்தான் போகிறது. நேராகக் கட்டிய கம்பி அதைத் தாங்காது.

எல்லா நிப்பிளையும் மரை மறையும் வரை ஒரே அளவு திருகியபின் அரை அரைச் சுற்றாக இறுக்குவேன். பக்கவாட்டுக் கோணல், ஏற்ற இறக்கம், ரிம் நடுவில் நிற்கிறதா என்று மூன்றையும் மாறி மாறிப் பார்ப்பேன். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கொஞ்சம் கெடும். கால் சுற்று இறுக்க வேண்டுமானால் அரைச் சுற்றுப் போய்க் கால் சுற்றுத் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் கம்பியே முறுக்கிக்கொண்டு நின்று, முதல் சவாரியில் டிக் டிக்கென்று அவிழும். கடைசியில் இணையாக ஓடும் இரண்டு இரண்டு கம்பியாகக் கையால் அழுத்திப் பிசைவேன். வளைவுகள் அப்போதுதான் ஹப்பில் நன்றாகப் படியும். மறுபடி ஸ்டாண்டில் போட்டால் கொஞ்சம் கோணியிருக்கும். மறுபடி நேராக்கி, மறுபடி பிசைந்து, அசையாமல் நிற்கும் வரை.

கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர் இழுவிசை அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து என் பெஞ்சில் வைத்தார். காதை நம்பக்கூடாது அண்ணே, எண்ணை நம்புங்கள் என்றார். மீட்டர் நல்ல பொருள். சங்கிலிப் பக்கம் 110, 120 கிலோ வரை போகலாம் என்று ரிம் கம்பெனி சொல்வதைச் சரிபார்க்க அது வேண்டும். ஒவ்வொரு கம்பியும் அடுத்த கம்பியோடு சேர்ந்து நிற்கிறதா என்று பார்க்க எனக்கு இன்னும் ஸ்க்ரூடிரைவர் முனைதான். இரண்டும் பெஞ்சில் கிடக்கின்றன.

டயருக்கு வந்தால், பந்தய விதியை மறந்துவிடுங்கள். ஃபிரேமில் இடம் இருந்தால் 38 போடுங்கள், 40 கூடப் போடலாம். இரு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறும் கல்லும் சேர்ந்து ஃபிரேமைத் தேய்த்துவிடும். 33 டயரை டியூப்போடு ஓட்டினால் ஐம்பது பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று வைத்தால்தான் பள்ளத்தில் டியூப் கடிபடாது. கல் ரோட்டில் அந்தக் காற்றோடு ஓட்டினால் பல் ஆடும். டியூப் இல்லாமல் 38 என்றால் எழுபது கிலோ ஆளுக்கு முன்னால் 32, பின்னால் 35 போதும்.

டியூப்லெஸ் போடுவதற்கு இன்னொரு காரணம் செம்பனை முள். வெட்டிப் போட்ட மட்டையின் அடிப்பகுதியில் இருக்கும் முள் காய்ந்தால் ஆணிதான். டயரில் ஏறி உள்ளே முறிந்துகொள்ளும், கையால் தடவினாலும் தெரியாது. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பால் இந்தத் துளையை அடைத்துவிடும். முதல் முறை ஒரு பாட்டிலைத் திறந்தபோது அமோனியா வாடை. அப்பா வேலை முடிந்து வரும்போது சட்டையில் இருக்குமே, அதே வாடை. பல கம்பெனிகளின் இந்தத் திரவம் ரப்பர் பால்தான். உறையாமல் இருக்கச் சிலர் அதில் அமோனியா சேர்க்கிறார்கள், தோட்டத்து ஸ்டோரில் சேர்ப்பதும் அதையேதான். துளை வழியாகக் காற்று பீய்ச்சும்போது பால் வெளியே வந்து உறைந்து, அதிலுள்ள துகள்களோடு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. மரம் வெட்டிய இடத்தில் பால் காய்ந்து ஒட்டுக்கறையாகிறதே, அதே வேலை. ஒரு காலத்தில் உலகத்துக்கே ரப்பர் அனுப்பிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, குட்டிப் பாட்டில் பாலை வெளிநாட்டு விலைக்கு வாங்கி ஊற்றுகிறோம். எனக்கு இதில் கோபம் இல்லை, சிரிப்புத்தான்.

ஒரு டயருக்கு ஐம்பது, அறுபது மில்லி போதும். குளிர்நாட்டில் ஆறு மாதம் தாங்கும் என்று பாட்டிலில் போட்டிருப்பதை இங்கே நம்பாதீர்கள். காடிக்குள் வெயிலில் வைத்த வண்டியில் இரண்டு மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். வண்டியைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஊற்ற வேண்டிய நேரம்.

மற்ற பாகங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பல்சக்கரம் முக்கியம். பழைய சைக்ளோகிராஸ் வண்டி பொதுவாக முன்னால் 46-க்கு 36, பின்னால் 11-இலிருந்து 28 என்று வரும். சமதளத்துக்கும் குட்டி மேட்டுக்கும் அது சரி. எங்களுக்குப் பக்கத்தில் 1,217 மீட்டர் ஜெராய் மலை நிற்கிறது. அதில் ஏறுபவர் பின்னால் 34 போட வேண்டும். மிதிக்கும் பாரம் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே குறையும். அதற்கு நீளமான கூண்டு வைத்த பின் டெரெயிலர் தேவைப்படலாம், சங்கிலியும் நீளமாக வேண்டும். அலோர்ஸ்டார் பக்கம் மூடா பாசன வாய்க்கால் கரைகளில் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் வேண்டாம். அங்கே மேடு கிடையாது, எதிர்க்காற்றுத்தான்.

பிரேக் கட்டை: மழைக்காலச் செம்மண்ணில் ரெசின் கட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும். உலோகக் கட்டை போடலாம், ரோட்டரில் ரெசின் மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சங்கிலியைத் தேய்மான அளவுகோலால் பாருங்கள், 0.5 வந்ததும் மாற்றுங்கள். ஈரச் செம்மண்ணும் எண்ணெயும் கலந்தால் அரைக்கும் பசைதான், பல்சக்கரத்தைத் தின்றுவிடும். நடு அச்சில் (பாட்டம் பிராக்கெட்) மரை வைத்த வகையே எனக்குப் பிடிக்கும். அழுத்திச் செருகும் வகை சேறு புகுந்ததும் கிறீச்சிடும். மரை வகையைக் கழற்றும்போது சங்கிலிப் பக்கம் இடது மரை என்பதை நினைவில் வையுங்கள். கார்பன் ஹேண்டில், கார்பன் சீட் கம்பம் எல்லாம் கடைசி.

கார்பன் ரிம்மைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. லேசுதான், அழகுதான். லோரித் தடத்தில் மறைந்திருக்கும் கல்லில் அலுமினியம் ரிம் நசுங்கினால் பலகையை அணைத்து நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு வீடு வரலாம். கார்பன் விரிசல் விட்டால் எனக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை. ஜெராய் ரோட்டிலேயே பந்தயம் ஓட்டுகிறவர் வாங்கட்டும். தோட்டத்துக்குள் போகிறவருக்கு நான் விற்பதில்லை.

வண்டி கழுவ ஹைபிரஷர் தண்ணீரை ஹப்பிலும் நடு அச்சிலும் அடிக்காதீர்கள். கார் வாஷ் பையன்கள் அன்பாக அடித்துத் தருவார்கள், அதனால் எனக்கு வருமானம். வாளியும் பழைய துணியும் போதும்.

வாத்தியாரின் வண்டி இப்போதும் பழைய கியரோடுதான் ஓடுகிறது. சக்கரம் இரண்டும் முன்னைவிட ஏறத்தாழ நானூறு கிராம் லேசு. அவர் சொல்வது எடை அல்ல, பால்மரக் காட்டு இறக்கத்தில் வண்டி ரோட்டோடு ஒட்டிப் போகிறது என்பதுதான். டயரும் காற்றும் செய்த வேலை அது, அதில் பாதிப் பெருமை எனக்கில்லை.

இந்த மழைக்காலத்துக்கு முன் இரண்டு சக்கரத்தையும் கழற்றிக் கொண்டுவாருங்கள், கம்பியெல்லாம் ஒரு முறை தட்டிப் பார்த்துவிடலாம். தோட்டத்து வாசலில் காவல் நிற்கும் ஜாகாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள், அது தனியார் நிலம். வீட்டில் கை வேலையில் விருப்பமுள்ள பிள்ளை இருந்தால் செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். அன்றைக்குக் கடையில் கூட்டம் இருக்காது. ஒரு பழைய ஹப்பும், ரிம்மும், 32 கம்பியும் பெஞ்சில் எடுத்து வைத்திருப்பேன்.